ஓசி மனை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தினத்தந்தி இல்லாத ஊரில் ஞாயிறு காலை எப்படிப் போகும் என்று வெளிமாநிலத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? இட்லி, சட்னி, போன். அப்படி வந்த ஒரு போன்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

நாக்பூரில் எங்கள் பக்கம் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கும். பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் கூடுவோம், நடுவில் யார் வீட்டுக்காவது ஊரிலிருந்து முறுக்கு வந்தால் கூடுவோம். அந்தக் குழுவின் செயலாளர்தான் பேசினார். "சார், நம்ம குழுவுக்கு ஒரு வெப்சைட் இருந்தா நல்லாருக்கும். செலவில்லாம பண்ண முடியுமா?" பேங்க்காரனிடம் 'செலவில்லாம' என்று சொன்னால் அவன் குளிர்ந்துவிடுவான் என்று நினைத்திருப்பார் போல.

பத்தாவது படிக்கும் மகளிடம் சொன்னேன். ஓர் இலவச சேவையில் கணக்குத் தொடங்கினாள். தயாராக இருந்த வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தாள். கோலம், கரும்பு, போன வருஷ குரூப் போட்டோ. முக்கால் மணி நேரத்தில் தளம் ரெடி!

"அவ்வளவுதான்ப்பா."

"இதெல்லாம் எங்கம்மா இருக்கு? யார் காசு கொடுக்கிறாங்க? நாளைக்குக் கடையை மூடிட்டா நம்ம போட்டோவெல்லாம் என்ன ஆகும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, கவுண்டரில் கே.ஒய்.சி. கேட்டால் கஸ்டமர் பார்ப்பாரே, அதே பார்வை. அடுக்களையிலிருந்து தங்கமணி குரல்: "ஆரம்பிச்சாச்சா உங்க ஆடிட்டு?"

ஆரம்பித்துவிட்டேன்தான். ஆனால் என் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 'வாங்க, இலவசமா வீடு கட்டிக்குங்க' என்ற யோசனையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஜியோசிட்டீஸ். 1994-ஆம் ஆண்டின் கடைசியில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட். 1995 முடிவதற்குள் பெயர் ஜியோசிட்டீஸ் ஆகிவிட்டது.

அன்றைக்குச் சொந்தமாக ஓர் இணையப்பக்கம் வைப்பது என்றால் பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும், இல்லை கம்பெனியில் சர்வர் இருக்க வேண்டும். சாதாரண ஆளுக்கு இடம் கிடையாது. இவர்கள் செய்த புத்திசாலித்தனம், இடத்தை 'மெமரி' என்று கொடுக்காமல் 'மனை' என்று கொடுத்தது. இணையத்தை ஓர் ஊராக வைத்துப் பேட்டை பேட்டையாகப் பிரித்தார்கள். சினிமா என்றால் ஹாலிவுட் பேட்டை. பணம், பங்கு என்றால் வால்ஸ்ட்ரீட். கம்ப்யூட்டர் ஆட்களுக்கு சிலிக்கான்வேலி. படிப்பு, தத்துவம் என்றால் ஏதென்ஸ். குடும்பம், குழந்தை குட்டி என்றால் ஹார்ட்லாண்ட். பறக்கும் தட்டு ஆசாமிகளுக்கு ஏரியா51. பேட்டைக்குள் காலியாக இருக்கும் ஒரு கதவு எண்ணை எடுத்துக்கொண்டு குடியேற வேண்டியதுதான். பத்திரம் இல்லை, பட்டா இல்லை, முத்திரைத்தாள் இல்லை. குடியேறியவர்களுக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரே, புறம்போக்கில் போய் நிலம் திருத்திக் குடிசை போடுபவர்களைக் குறிக்கும் சொல்தான்.

கூட்டம் குவிந்தது. 1997 அக்டோபரில் பத்து லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். பின்னணியில் நட்சத்திரம் மின்னும், 'கட்டுமானப் பணி நடக்கிறது' என்று மண்வெட்டியோடு ஒரு பொம்மை ஆடும், கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு மீட்டர் ஓடும், யாரும் கேட்காமலே ஒரு பாட்டு ஒலிக்கும். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அத்தனையும் கையால் கட்டியது.

நான் அப்போது விருதுநகரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல், வி.எஸ்.என்.எல். மூலமாக. எங்கள் ஊருக்கு நெட் சென்டர் வந்து சேர நான்கு வருஷம் ஆயிற்று. மணிக்கு நாற்பது ரூபாய். பரோட்டாவா, பிரவுசிங்கா என்று யோசிக்க வைக்கும் விலை. என் சீனியர் ஒருவன் ரஜினி வெறியன். 1999 ஏப்ரலில் 'படையப்பா' வந்தபோது ஹாலிவுட் பேட்டையில் மனை பிடித்து ஒரு பக்கம் போட்டான். விருதுநகர் பையனுக்கு ஹாலிவுட்டில் வீடு! அதைப் பார்க்க நாங்கள் ஆறு பேர் காசு போட்டு நெட் சென்டர் போனோம்.

தமிழில் எழுதுவது தனிப் பாடு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் தெரிவது கோழி கிறுக்கல்தான். மயிலை, முரசு அஞ்சல், பிறகு டிஸ்கி, டேப் என்று குறியீடுகளின் சண்டை. (பதிவின் கடைசியில் போடுகிற டிஸ்கி வேறு, இது வேறு!) விண்டோஸ் 2000-த்தில்தான் யூனிகோடு தமிழ் இயங்குதளத்தோடு சேர்ந்து வந்தது. அதற்கும் பிறகு எ-கலப்பை வந்து நம்மைக் காப்பாற்றியது.

அந்தப் பாட்டோடும் நம்மவர்கள் ஓசி மனைகளில் நல்ல காரியம் செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் தமிழ் மின்நூலகம் என்ற பக்கங்களை வைத்திருந்தது ஜியோசிட்டீஸின் ஏதென்ஸ் பேட்டையில்தான். மயிலை எழுத்துருவைச் செய்தவரும் அவரே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. உலகம் முழுக்க இருந்த தமிழர்கள், முக்கால்வாசி நம்மைப் போல ஊரை விட்டுப் போனவர்கள், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, கணக்குக்கு வருவோம். இலவசமாக மனை கொடுத்தால் கம்பெனிக்கு வரும்படி?

விளம்பரம். சரக்கு நம்முடையது, கடை அவர்களுடையது, வாடகை கொடுப்பவர் விளம்பரதாரர். 1998-இல் ஒவ்வொருவர் பக்கத்தின் மூலையிலும் தன் சின்னத்தை மிதக்க விட்டது கம்பெனி. குடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டு சம்பவங்கள். ஒன்று, ஜியோசிட்டீஸ் பங்கு 17 டாலருக்கு நாஸ்டாக்கில் வெளியானது. இரண்டு, சேரும்போது வாங்கிய சொந்த விவரங்களைச் சொன்னதற்கு மாறாக வெளியாருக்குக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்ட, கம்பெனி சமரசம் செய்துகொண்டது. இணையத்தில் தனிநபர் விவரம் பற்றி அந்த ஆணையம் எடுத்த முதல் வழக்கு அதுதான். ஆக, மனைக்கு விலை இல்லை என்றார்களே, அந்த விலை விண்ணப்பப் படிவத்திலேயே இருந்திருக்கிறது.

1999 ஜனவரியில் யாஹூ ஜியோசிட்டீஸை வாங்குவதாக அறிவித்தது. விலை, பங்குகளாக, 357 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15,000 கோடி ரூபாய். லாபம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத கம்பெனிக்கு! எங்கள் கம்பெனிக் கணக்கியல் பேராசிரியர் 'நற்பெயர்' என்பதைச் சொத்துப் பக்கத்தில் எழுதும் முறையை அரைமணி நேரம் நடத்துவார். அந்த முறையில் எழுதினாலும் இந்தத் தொகைக்கு என்ன விளக்கம் எழுதியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஜூன் மாதம் யாஹூ புது நிபந்தனைகள் கொண்டுவந்தது. படித்தவர்களுக்கு, நாம் எழுதியதெல்லாம் இனி யாஹூவுக்கு என்று பொருள்பட்டது. குடியிருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். பக்கங்களில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறமாக்கிப் போட்டார்கள். தெருவெல்லாம் கதவடைப்பு மாதிரி. யாஹூ இறங்கி வந்து நிபந்தனையை மாற்றியது. ஆனால் ஜூலையில் பேட்டைகளையும் கதவு எண்களையும் கைவிட்டு, பயனர் பெயரிலேயே முகவரி என்று ஆக்கிவிட்டது. ஊர் போய்விட்டது, வீடுகள் மட்டும் மிச்சம்.

2000 மார்ச்சில் நாஸ்டாக் உச்சிக்குப் போய்க் குப்புற விழுந்தது உங்களுக்குத் தெரியும். 2001-இல் கட்டணச் சேவை வந்தது. இலவச வீடுகளுக்கு வரம்பு போட்டார்கள். கொஞ்சம் அதிகம் பேர் வந்துவிட்டால் சிறிது நேரம் கதவு திறக்காது. பிறகு வலைப்பதிவுகள், ஆர்க்குட், பேஸ்புக் என்று ஜனம் நகர்ந்துவிட்டது. 2009 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அக்டோபர் 26-இல் மூடினார்கள். ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை ஓடியது. யாஹூவும் 2017-இல் தன் இணைய வியாபாரம் முழுவதையும் வெரைசனுக்கு விற்றது. விலை சுமார் 448 கோடி டாலர். ஜியோசிட்டீஸ் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தது 357 கோடி! லாப நஷ்டக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

நிற்க. இனி என் கதை.

என் அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. வத்தல், பருப்பு, எண்ணெய் வியாபாரம். நாற்பது வருஷம் பேரேடு எழுதியவர். வீட்டில் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அதில் மண்டி வார்த்தைகள். மரக்கால், படி, துலாம் கணக்கு. மெட்ரிக் எடை வந்தபோது பழைய அளவை எப்படி மாற்றினார்கள் என்று அவருக்கு முந்தைய கணக்குப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது. விவசாயி பக்கத்தில் நிற்கும்போதே வியாபாரிகள் தங்களுக்குள் விலை பேசிக்கொள்ளும் மறைமொழி எண்கள். எந்த ஊர் வத்தல் எப்படி உடையும், எந்த மாதம் எதில் ஈரம் இருக்கும் என்பது வரை.

2001-இல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தபோது, அந்த நோட்டை ஒரு வெப்சைட் ஆக்கினேன். ஜியோசிட்டீஸ் இல்லை, அதே மாதிரி ஓசி மனை கொடுத்த வேறொரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். தினம் ஒரு மணி நேரம், நாற்பது ரூபாய், இரண்டு பக்கம். மூன்று மாதம் ஆயிற்று. முடிந்ததும் அப்பாவை நெட் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். ஓரிடத்தில் கூட்டல் தப்பு என்று திருத்தச் சொன்னார். பிறகு கேட்டார்.

"இது யார் வீட்டுல இருக்குப்பா?"

"அமெரிக்காவுல, ஒரு கம்பெனிகிட்ட."

"ரசீது ஏதும் குடுத்தானா?"

நான் சிரித்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. பாட்னா, குவாஹாத்தி, ராய்ப்பூர் என்று மாற்றல். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். ஒவ்வொரு தடவை மூட்டை கட்டும்போதும் கொஞ்சம் சாமான் குறையும், அது உங்களுக்கும் தெரிந்ததே. 2008-இல் அப்பா போய்விட்டார். அடுத்த வருஷம் அம்மாவை என்னோடு அழைத்துக்கொண்டு வர விருதுநகர் வாடகை வீட்டைக் காலி செய்தேன். நான்கு நாள் லீவு. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். அம்மா அந்த நீல நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இதை என்னடா செய்ய?" என்றார்.

நான் சொன்ன பதில் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் நெட்ல இருக்கும்மா. போடு."

2013-இல் ஒருநாள் மகளுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. கம்பெனி கடையைக் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெயில் அனுப்பியிருப்பார்கள். நான் கொடுத்திருந்தது கல்லூரிக் காலத்து மெயில் முகவரி, அதன் கடவுச்சொல்லே மறந்து போயிருந்தது. பழைய பக்கங்களைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது. மஞ்சள் பின்னணியில் 'மண்டிக் கணக்கு' என்ற தலைப்பு, மண்வெட்டி பொம்மை, வந்தவர்கள் எண்ணிக்கை 212. உள்ளே போகும் சுட்டி ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

தப்பு அந்தக் கம்பெனியுடையது என்று நான் சொல்லமாட்டேன். என் தொழிலே இதுதானே! ஒருவர் உங்களிடம் பணத்தைக் கொடுத்தால் அது வங்கியின் ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில் ஏறும். அதாவது நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்கள். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டைக்கூட நாங்கள் விழுங்க முடியாது. 2014 முதல் அது ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகிறது, அதன் பிறகும் வாரிசு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். தேடிப் பார்க்க 2023-இல் உத்கம் என்று ஒரு தளமே வைத்துவிட்டார்கள். ஓசி மனையில் நாம் வைக்கும் பொருள் எந்த ஐந்தொகையிலும் பொறுப்பாக ஏறுவதில்லை. நமக்கு அது அப்பாவின் நாற்பது வருஷம். அவர்களுக்கு விளம்பரம் ஒட்டும் சுவர். சுவர் லாபம் தராத அன்றைக்கு இடிப்பார்கள். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, இரண்டு கணக்குப் புத்தகங்களும் வேறு வேறு, அவ்வளவுதான். பி.காம். படித்த நான் இதைப் பார்த்திருக்க வேண்டும். எட்டாவது படித்த அப்பா ஒரே கேள்வியில் பார்த்துவிட்டார்.

ஜியோசிட்டீஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மூடப்போகிறார்கள் என்றதும் ஜேசன் ஸ்காட் என்பவர் சேர்த்த ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் கூட்டம், இருக்கும் பக்கங்களை ராப்பகலாக இறக்கியது. 2010-இல் 600 ஜிபிக்கும் மேற்பட்ட அந்த மூட்டையை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்து ஆராய்ந்தவர்கள் ஒல்யா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்ற இரண்டு கலைஞர்கள். கோடிக்கணக்கான பக்கங்களில் ஒரு பங்கு பிழைத்தது இப்படித்தான். மூட்டை கட்டிய யாரும் யாஹூவின் ஆட்கள் இல்லை.

நம் மதுரைத் திட்டத்துக்கும் வாருங்கள். ஓசி மனைகளின் காலத்தில் பிறந்தது, மனைகள் எல்லாம் இடிந்த பிறகும் இருக்கிறது. காரணம், அவர்கள் நூல்களை ஓரிடத்தில் மட்டும் வைக்கவில்லை. ஒரே கோப்பு பல ஊர்ச் சர்வர்களில், பல பேர் கணினிகளில் இருந்தது. எழுத்துரு மாறியபோது டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். இலவச இடத்தைப் பயன்படுத்தினார்கள், அதையே நம்பி இருக்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது இட்லி ஆறிப்போயிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சைட்டை எடுத்துடட்டுமாப்பா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஓசி மனை வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அது இல்லாவிட்டால் விருதுநகர் பையன் ஹாலிவுட்டில் வீடு கட்டியிருக்க முடியாது. குழுவுக்கு மூன்று விதி மட்டும் எழுதிக் கொடுத்தேன். தளத்தில் ஏறும் எதற்கும் ஒரு பிரதி செயலாளர் வீட்டுப் பென்டிரைவில் இருக்க வேண்டும், இன்னொன்று வேறொரு வீட்டில். கணக்கின் மெயில் முகவரி தனி ஆளுடையதாக இல்லாமல், மாற்றல் வந்தால் அடுத்தவருக்குக் கைமாறக்கூடியதாக இருக்க வேண்டும். மூலக் காகிதத்தை எந்தக் காரணத்துக்காகவும் எடைக்குப் போடக் கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் தணிக்கை, அது என் பொறுப்பு. (தங்கமணி சொன்னது சரிதான்.)

இன்னொன்றும் தொடங்கியிருக்கிறேன். அப்பாவோடு அதே மண்டியில் எடை போட்ட ஒரு பெரியவர் இன்னும் விருதுநகரில் இருக்கிறார். வயது எண்பத்து நான்கு. நான் மாமா என்று கூப்பிடுவேன். ஞாயிறு சாயங்காலம் போன் செய்கிறேன். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் படு கூர்மை. ஒரு வார்த்தை கேட்டால் மூன்று சண்டைக் கதை சொல்லி அதற்கப்புறம் அர்த்தம் சொல்கிறார். இதுவரை முப்பத்தொரு வார்த்தை தேறியிருக்கிறது. மறைமொழி எண்களில் ஒன்றிலிருந்து ஆறு வரை கிடைத்துவிட்டது, ஏழில் அவருக்கே ஒரு சந்தேகம். வேறொரு பழைய ஆளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மகள் அதற்கும் ஒரு பக்கம் கட்டுகிறாள். நான் முதலில் நோட்டில் எழுதுகிறேன். நீல அட்டை இங்கே கிடைக்கவில்லை, சிவப்புதான் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். அடுத்த மாற்றலுக்கு மூட்டை கட்டும்போது, பழைய பேப்பர்க்காரர் வாசலில் நிற்கும்போது, ஒரு நிமிஷம் திறந்து பாருங்கள்.